சாமிக்கு நேர்ந்த கிடா துப்பறிந்தால்: பேசும் விலங்குகளோடு கிராமத்து கோஸி மர்மக் கதை எழுதும் வழி

ஆடு பேசுகிறது, நாய் துப்பு துலக்குகிறது, ஊரில் ஒருவர் செத்துக் கிடக்கிறார். இப்படிக் கதை எழுத உட்காருகிறவர்களில் பலர் முதல் அத்தியாயத்திலேயே ஆட்டை மனிதனாக்கிவிடுகிறார்கள். அது டீ குடிக்கிறது, கண்ணாடி போடுகிறது, இன்ஸ்பெக்டர் மாதிரி யோசிக்கிறது, கடைசியில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துப் பேசுகிறது. அப்புறம் அது ஏன் ஆடாக இருக்க வேண்டும்? அந்த இடத்தில் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியரைப் போட்டாலும் கதை அப்படியே ஓடும் என்றால் ஆட்டை எடுத்துவிடுங்கள், அதற்கு அங்கே வேலை கிடையாது. இந்த வகைக் கதையில் எனக்கு இருப்பது ஒரே பிடிவாதம்: அந்தக் கொலையை அந்த விலங்கால் மட்டுமே கண்டுபிடிக்க முடிய வேண்டும், அதுவும் அதன் மூக்கு, நாக்கு, கண், வயிறு இவற்றைக் கொண்டு.

கோஸி வகை பழக்கமில்லாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலை உண்டு, ரத்தம் பக்கத்தில் வழியாது. துப்பறிகிறவர் போலீஸ்காரர் இல்லை, ஊரில் ஒருவர். கொலைகாரரும் வெளியிலிருந்து வந்தவர் இல்லை, நேற்று வரை நம் வீட்டில் மோர் வாங்கிக் குடித்தவர். துப்புகள் எல்லாம் வாசகர் கண் முன்னாலேயே கிடக்க வேண்டும். கடைசியில் ஊர் ஓரளவாவது பழையபடி மூச்சு விட வேண்டும். அவ்வளவுதான்.

விலங்கு ஏன் பேசுகிறது என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. கரடகன், தமனகன் என்ற இரண்டு நரிகளை நாம் பள்ளிக்கூடத்துக்கு முன்பே சந்தித்துவிட்டோம்; தமனகன் கோள் மூட்டியே சிங்கத்தின் கையால் சஞ்சீவகன் என்ற காளையைக் கொல்ல வைக்கிறான், தூண்டிவிட்ட கொலைக்கு அதைவிடப் பழைய பாடம் எங்கே இருக்கிறது. திருவாரூரில் கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்து நீதி கேட்ட கதையும் எல்லாருக்கும் தெரியும். அந்தச் சோழனுக்கு நம் உயர் நீதிமன்ற வளாகத்தில் சிலையே இருக்கிறது. பசு அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனாலும் வழக்கு நின்றது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

யார் பேச்சு யாருக்குக் கேட்கும்

எழுத ஆரம்பிக்கும் முன் முடிவு செய்ய வேண்டியது இது. விலங்குகள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கின்றனவா, ஒரே ஒரு மனிதருக்குக் கேட்கிறதா, ஊருக்கே கேட்கிறதா? ஊருக்கே கேட்டால் பத்தாம் பக்கத்தில் காகம் வந்து “நான் பார்த்தேன்” என்று சொல்லிவிடும், கதை முடிந்தது. என் சிபாரிசு, ஒருவருக்கு மட்டும் கேட்கட்டும். அவர் சொன்னால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஆளாக இருக்கட்டும்: எட்டு வயதுப் பையன், அல்லது திண்ணையிலேயே கிடக்கும் ஒரு ஆயா. அந்த ஆயாவுக்கு ஆடு பேசுவது கேட்கிறது, ஆனால் சப்-இன்ஸ்பெக்டரிடம் போய் “கிடா சொல்லிச்சு தம்பி” என்று சொல்ல முடியாது. ஆக, விலங்குக்குத் தெரிந்த ஒவ்வொரு உண்மைக்கும் மனிதர்கள் ஏற்கும் ஒரு ஆதாரத்தை அவர் தேடிப் போக வேண்டும், ஒரு ரசீது, ஒரு பதிவேடு, ஒரு கால்தடம். கதையின் பாதி ஓட்டம் இந்தத் தேடலிலிருந்துதான் வரும்.

விலங்குகளின் நேரக் கணக்கையும் முதலிலேயே தீர்மானியுங்கள். ஆட்டுக்குப் புதன்கிழமை தெரியாது, ஏழரை மணி தெரியாது. பால் சொசைட்டி வண்டி வருவதற்கு முன்னா பின்னா என்று தெரியும். மும்முனை மின்சாரம் வந்து மோட்டார் ஓட ஆரம்பித்த சத்தம் தெரியும். மார்கழி என்றால் கோயில் மைக்செட்டில் திருப்பாவை போடுவது தெரியும். காகத்துக்கு எல்லா வீட்டுச் சுவரிலும் ஒரே நாளில் சோறு விழும் நாள் தெரியும், அது அமாவாசை என்பது நமக்குத் தெரியும். “மோட்டார் நின்னதுக்கு அப்புறம், பாட்டுப் போடறதுக்கு முன்னாடி” என்று கிடா சொன்னதை ஆயா கடிகார நேரமாக மாற்ற வேண்டுமானால் மின்வாரிய லைன்மேனிடமும் கோயில் பூசாரியிடமும் பேச்சுக் கொடுத்தாக வேண்டும். அப்படிப் போகும் வழியில்தான் ஊரே அறிமுகமாகும், தனியாக வர்ணனை எழுத வேண்டியதில்லை.

உடம்பே சாட்சி

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு விலங்கின் உடம்பும் எதை அறியும், எதை அறியாது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அறியாதது எப்போதும் அதிகப் பயன் தரும்.

நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. சிவப்புத் துண்டு போட்டவன் ஓடினான் என்று உங்கள் நாய் சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள். துண்டில் புகையிலையும் மாட்டுத் தீவனமும் மணந்தது என்று சொன்னால் சரி. மாட்டுக்குத் தலையைத் திருப்பாமலே ஏறக்குறைய 330 டிகிரி தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. தொழுவத்தில் மாட்டுக்கு நேர் பின்னால் நின்றவன் யார் என்று மாடு சொல்ல முடியாது, ஆனால் அங்கே நிற்கக் கூடாது என்பது மாடு பிடித்துப் பழகிய எவனுக்கும் தெரியும், அப்படியானால் நின்றவன் மாடு வளர்க்காதவன். பார்க்காததிலிருந்தே ஒரு துப்பு வந்துவிட்டது பாருங்கள்.

பூனையின் நாக்கில் இனிப்பு உறைக்காது, அதற்கான மரபணு அதன் உடம்பில் வேலை செய்வதில்லை. பாயசத்தில் என்ன கலந்திருந்தது என்று பூனையிடம் கேட்டால் பால் பற்றிச் சொல்லும், வெல்லம் பற்றிச் சொல்லாது. பறவைகளுக்கு மிளகாய் காரம் எரியாது. மோப்பம் கெடட்டும் என்று வழியெல்லாம் மிளகாய்ப் பொடி தூவியவன் நாயை ஏமாற்றலாம், அதே வழியில் கொத்தித் தின்ற கோழிக்கு அது ஒன்றுமே இல்லை, எந்த வீட்டிலிருந்து எந்த வீடு வரை பொடி இருந்தது என்று கோழி சொல்லிவிடும். காகம் தனக்குக் கெடுதல் செய்த மனித முகத்தை வருஷக் கணக்கில் மறக்காது, அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் முகமூடி போட்டுக்கொண்டே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். செம்மறி புகைப்படத்தில் உள்ள முகத்தை அடையாளம் காணும் என்று 2017இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காட்டினார்கள்.

நம் நாட்டு நாய்களையும் பாருங்கள். ராஜபாளையம் வகையில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவை. ராத்திரி நாய் குரைக்கவில்லை என்றால் வந்தவன் தெரிந்த ஆள் என்று ஊரே முடிவு கட்டும், வாசகரும் கட்டுவார். அந்த வெள்ளை நாய்க்குக் காதே கேட்காது என்பதை மூன்றாம் அத்தியாயத்தில், குழந்தைகள் பின்னால் நின்று கூப்பிட்டும் அது திரும்பாமல் படுத்திருப்பதாக ஒரே ஒரு வரியில் வைத்துவிட்டுப் போங்கள்.

கிளியைக் கொண்டுவருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆகவே வீட்டில் கிளி இருப்பதே ஒரு ரகசியம். கொலைக்குச் சம்பந்தமே இல்லாமல் ஒருவர் ஏன் போலீஸைக் கண்டு முழிக்கிறார் என்பதற்குப் பொருத்தமான காரணம் கிடைத்துவிடும்.

ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம்

மதுராந்தகம் பக்கம் ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர் என்று வைத்துக்கொள்வோம். மார்கழி மாதம். பிள்ளை இல்லாத ஒரு பெரியவர் தன் கிணற்றில் செத்து மிதக்கிறார். பனியில் கால் வழுக்கி விழுந்தார் என்கிறார்கள். மனை போட்டு விற்கலாம் என்று அந்த நிலத்தின் மேல் கண் வைத்திருக்கிற அக்கா மகன் ஒருவன் இருக்கிறான். அவன் மாமா மேல் உயிரையே வைத்திருந்ததாக ஊருக்குக் காட்ட வேண்டும், வாரிசு தானே என்றும் காட்ட வேண்டும். நம் ஊரில் அதற்கு என்ன வழி? கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அதில் யார் பெயர் பெரிதாக வருகிறது, யார் படம் செத்தவர் பக்கத்தில் வருகிறது என்பதை ஊர் படிக்கும். அதனால் வேறு யாரும் முந்தக் கூடாது என்று அவன் முன்கூட்டியே அச்சகத்தில் சொல்லிவைத்துவிடுகிறான். செவ்வாய் ராத்திரி முடிக்க வேண்டிய காரியம் மாமா தங்கை வீட்டில் தங்கிவிட்டதால் புதன் ராத்திரிக்குத் தள்ளிப்போகிறது. போஸ்டர் ஒட்டுகிற பையனுக்கு நாள் மாறியது தெரியாது, புதன் சாயங்காலமே ரேஷன் கடைச் சுவரில் ஒன்றை ஒட்டிவிட்டு மீதியை ஒட்ட அடுத்த தெருவுக்குப் போகும்போது பெரியவர் இன்னும் உயிரோடு இருப்பது தெரிந்து பயந்துபோய் ஓடிவிடுகிறான். அந்த ஒரு போஸ்டரை யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் கிடா தின்றுவிட்டது.

மைதாப் பசைக்காக ஆடு மாடுகள் போஸ்டர் தின்பதைப் பார்க்க ரொம்ப தூரம் போக வேண்டாம், சென்னையில் மாடு திரிகிற எந்தத் தெருவிலும் பார்க்கலாம். இப்போது அறிவைப் பிரித்துக் கொடுங்கள். வெள்ளாட்டுக் கிடாவுக்குத் தெரிந்தது பசை ஈரமாக இருந்தது, மோட்டார் ஓட ஆரம்பிக்கும் முன் தின்றோம், அவ்வளவுதான். காகிதத்தில் என்ன இருந்தது என்று அதற்கு அக்கறையில்லை. பக்கத்தில் நின்ற செம்மறிக்கு எழுத்துத் தெரியாது, முகம் தெரியும். அது சொல்வது: “அன்னிக்குப் பெரியவர் ரெண்டு பேரா இருந்தார். ஒருத்தர் சுவத்துல, ஒருத்தர் தெருவுல நடந்து போனார்.” செம்மறி உளறுகிறது என்று மற்ற விலங்குகள் சிரிக்கின்றன, வாசகரும் சேர்ந்து சிரிக்கிறார். ஆனால் உயிரோடு நடந்து போனவரின் படம் சுவரில் ஏன் இருந்தது என்பதுதான் முழுக் கொலையும். ஆயா இதைப் புரிந்துகொண்ட நிமிடத்தில் அவர் போய் நிற்க வேண்டிய இடம் அச்சகம், அங்கே பில் புத்தகத்தில் தேதி இருக்கிறது. ஆதாரம் மனிதக் கைக்கு வந்துவிட்டது.

துப்பை ஒளிக்க நல்ல இடம் விலங்குகளின் சாப்பாட்டுப் புலம்பல். இப்படி:

“அந்தக் காகிதம் இன்னும் வயித்துக்குள்ளயே நிக்குது. பசை காயவே இல்லை, கொழகொழன்னு.”

“ஏன் அண்ணே, தெருத் தெருவா உனக்குத் தழை போடறாங்க. சுவத்த எதுக்கு நக்குறே?”

“தழை தினமும்தான் கிடைக்குது.”

வாசகர் இதை வேடிக்கையாகப் படித்துவிட்டுக் கடந்துபோவார். பிற்பாடு திரும்பி வந்து பார்க்கும்போது எல்லாம் அங்கேயே இருக்கும். ஏமாற்றப்பட்ட உணர்வு வராது, நேர்மையான மர்மக் கதைக்கு அதுதான் அடையாளம்.

கிடாவுக்குத் தெருத் தெருவாகத் தழை போடுவது ஏன்? அது சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. எந்தத் தோட்டத்தில் மேய்ந்தாலும் யாரும் அடித்து விரட்ட மாட்டார்கள், எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். துப்பறிய இதைவிட உரிமை யாருக்கு உண்டு? கூடவே அதன் கழுத்துக்கு ஒரு தேதியும் இருக்கிறது, தை மாதத் திருவிழாவில் வெட்டப் போகிறார்கள், அதற்குள் உண்மை வெளிவர வேண்டும். இந்த நெருக்கடி கோஸிக்கு அதிகம் என்று பயப்படுகிறவர்களுக்கு நம் சட்ட வரலாறே ஒரு வழி தருகிறது: கதையை 2003 மார்கழியில் வையுங்கள். கோயில்களில் பலியைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி 2003 ஆகஸ்டில் அரசு உத்தரவிட்டது, 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. இடையில் வந்த அந்தத் தை மாதத்தில் ஊர் கூடி என்ன செய்வது என்று வாதாடுவது தனி அத்தியாயம். அப்போது கைபேசியும் எல்லார் கையிலும் இல்லை, தெருமுனைக் கேமரா இல்லை, எழுதுகிறவருக்கு எத்தனை நிம்மதி.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாக

சென்னையில் உட்கார்ந்து கிராமத்தை எழுதுகிறவர்கள், நானும் அதில் ஒருவன்தான், பச்சை வயல், நல்ல மனிதர்கள், ஆலமரம் என்று முடித்துவிடக் கூடாது. செங்கல்பட்டு வரை மின்சார ரயில் இருக்கிறது, அங்கிருந்து பஸ் பிடித்தால் வேடந்தாங்கல். அங்கே நவம்பரிலிருந்து பறவைகள் வந்து நிறையும், நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன் எல்லாம். பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798லேயே கலெக்டரிடம் எழுத்து வாங்கிய ஊர் அது, பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வடக்கேயிருந்து குளிருக்கு வந்து தங்கிவிட்டுப் போகும் ஒரு வாத்தை உங்கள் கதையில் வைத்தால் ஊர் வழக்கம் தெரியாத வெளியாள் பாத்திரம் இயல்பாகக் கிடைக்கும். அது கேட்கிற கேள்விகளுக்கு உள்ளூர் விலங்குகள் பதில் சொல்லும் சாக்கில் வாசகருக்கும் எல்லாம் விளங்கிவிடும்.

ஊர் என்று எழுதினால் சாதியும் இருக்கிறது. ஊர்த்தெரு வேறு, காலனி வேறு என்று பிரிந்து கிடக்கிற இடத்தை ஒரே குடும்பம் மாதிரி எழுதினால் அது பொய், அந்தப் பொய்யின் மேல் நிற்கிற கதகதப்பு எனக்கு வேண்டாம். அதோடு கைவினையாகப் பார்த்தாலும் நஷ்டம். எந்த எல்லைக் கோட்டையும் மதிக்காமல் எல்லா வாசலுக்கும் போய்ச் சாப்பிடுவது நாயும் காகமும் கிடாவும்தான். இந்தத் தெருவில் பேசியது அந்தத் தெருவில் நடந்ததோடு சேர்வது அவற்றின் வாயிலாக மட்டுமே. உங்கள் துப்பறிவாளருக்கு மனிதர் யாருக்கும் இல்லாத ஒரு பலம் அங்கே இருக்கிறது, அதைத் தூக்கி எறியாதீர்கள்.

கொலைக்கான காரணங்களும் மண்ணிலிருந்தே வரட்டும்: கூட்டுப் பட்டா, கிணற்றுப் பங்கு, வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டது, ஏரி மீன் குத்தகை, சீட்டுப் பணம், கோயிலில் முதல் மரியாதை, வெளியூரில் இருக்கிற அண்ணன் கொடுத்த பவர் பத்திரம். சந்தேகப்படத் தக்கவர்கள் ஐந்து பேர் போதும், ஒவ்வொருவருக்கும் கொலையைத் தவிர மறைக்க வேறொன்று இருக்கட்டும்.

போலீஸ் நடைமுறை அதிகம் வேண்டாம், தப்பாகவும் வேண்டாம். கிராம நிர்வாக அலுவலர் மூலமாகத் தகவல் போகும், சந்தேக மரணம் என்று வழக்குப் பதிவாகும். 2003 கதையில் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆவது பிரிவு, 2024 ஜூலைக்குப் பிந்தைய கதையில் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 194. பரம்பரையாக ஊர் நிர்வாகம் பார்த்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் 1980லேயே ஒழிக்கப்பட்டுவிட்டன, அவர்களை இன்றைய கதையில் உலவ விடாதீர்கள். கொலையோ என்று சந்தேகம் இருக்கும் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை பொதுவாகப் பகலில்தான், ஆக ஒரு ராத்திரி முழுக்க ஊருக்கு எதுவும் தெரியாமல் கழியும். விலங்குகள் கூடிப் பேச அந்த ராத்திரி உங்களுக்கு இலவசம்.

விலங்குகளைப் பார்க்க வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காலைப் பொழுது நில்லுங்கள், 1903இலிருந்து இருக்கிற கல்லூரி. ஆடு கொண்டு வந்தவர் “ரெண்டு நாளா அசை போடலை சார்” என்று சொல்வதைக் கேட்டாலே ஒரு அத்தியாயம் கிடைக்கும். பழைய தமிழ்த் துப்பறியும் நாவல்களைப் புரட்ட தரமணியில் ரோஜா முத்தையா நூலகம் இருக்கிறது.

யாரைக் கொல்வது, எப்படி முடிப்பது

எல்லாரும் வெறுக்கிற வட்டிக்காரரைக் கொல்வது சுலபம், ஆனால் யாருக்கும் வலிக்காத சாவு கதையில் நிற்காது. ஒருவராவது அழ வேண்டும். செத்தவர் கையால் தினம் சோறு தின்ற நாய் அந்த ஒருவராக இருந்தால் வாசகர் உங்களோடு கடைசி வரை வருவார், அந்த நாய்க்குத் துப்பறியும் காரணமும் கிடைத்துவிடும். விலங்கைக் கொல்லாதீர்கள். மனிதர் செத்தால் பக்கத்தைத் திருப்புகிற வாசகர் நாய் செத்தால் புத்தகத்தை மூடிவிடுவார். விஷம் வைத்தால் அளவு, தயாரிப்பு என்றெல்லாம் எழுத வேண்டாம், இந்த வகைக்கு அது தேவையும் இல்லை.

கொலை எப்படி நடந்தது, யார் எங்கே நின்றார்கள் என்பதை இரண்டு பக்கத்துக்கு நேர்வரிசையில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், எந்த விலங்கு எதைப் பார்த்தது என்று ஓரத்தில் குறியுங்கள். அப்புறம்தான் முதல் அத்தியாயம்.

உண்மை வெளிவரும் காட்சிக்கு மாட்டுப் பொங்கலை விட்டால் வேறு நாள் இல்லை. கொம்புக்கு வண்ணம் அடித்து எல்லா மாடும் வெளியே நிற்கும், ஊரும் வெளியே நிற்கும். பேச வேண்டியது ஆயா, கையில் பில். கிடா வாயைத் திறக்க வேண்டாம், அது கூட்டத்தில் நின்றால் போதும். திருவாரூர்ப் பசு மணியை மட்டும்தான் அடித்தது.

அதற்குப் பின் ஒரு அத்தியாயம் கட்டாயம் வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். பெரியவரின் மாட்டை இனி யார் கறப்பது, அந்தக் கிணற்றில் யார் தண்ணீர் இறைப்பது, ஜெயிலுக்குப் போனவனின் அம்மா அடுத்த நாள் ரேஷன் கடை வரிசையில் எப்படி நிற்பார், அவருக்கு முன்னால் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பாரா, நாய் யார் வீட்டுக்குப் போகும். எழுதி முடித்ததும் ஆடு வளர்த்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். கொலைகாரன் யார் என்று முன்பே தெரிந்ததா என்று கேட்க வேண்டாம், எந்த இடத்தில் ஆடு ஆடு மாதிரி இல்லை என்று கேளுங்கள், அந்த இடங்களை மட்டும் திரும்ப எழுதுங்கள்.